நெயில் பாலிஷ் வைத்த ஸ்க்ரூ

என் தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக் கார் நடுத்தெருவில் நின்றுபோனதற்குக் காரணம் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லவேண்டிய நாளில், சொல்லவேண்டியவர்கள் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவன், இப்போதாவது சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டாமா?

கார் அப்பாவுடையது. அப்பா செங்கல்பட்டு கோர்ட்டில் வக்கீல். தொழில் நன்றாக நடந்த காலத்தில் யாரிடமிருந்தோ வாங்கிய பழைய கறுப்புக் கார். உருண்டை முகப்பு, சிவப்புத் தோல் சீட்டு, கதவைச் சாத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் கொளவாய் ஏரிக்கரையில் மூச்சை விட்டுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்து கொல்லையில் தகரக் கொட்டகைக்குள் நிறுத்தினோம். பதிமூன்று வருஷம் அங்கேயே கிடந்தது. அணில் கூடு கட்டியது, கோழி முட்டையிட்டது, டயர் மண்ணோடு மண்ணாக அமுங்கியது. எடைக்குக் கேட்டு எத்தனையோ பேர் வந்தார்கள். அப்பா யாரையும் வாசலுக்கு மேல் விடவில்லை. அதற்குள் கோர்ட்டில் அவரிடம் வருகிற கட்சிக்காரர்கள் குறைந்து, கறுப்புக் கோட்டின் கையில் நூல் பிரிய ஆரம்பித்திருந்தது.

எனக்குத் தாலுகா ஆபீஸில் வேலை. "வக்கீல் பையன் தாலுகா ஆபீஸ்ல சீல் குத்துறான்" என்று அப்பாவே விருந்தாளிகளிடம் சிரித்துக்கொண்டு சொல்வார். சிரிப்புதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்று இருக்கும். வாழ்க்கையில் ஒரே ஒரு முறையாவது அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று முப்பத்து நாலு வயதுவரை காத்துக்கொண்டிருந்தேன். மானம் கெட்ட ஆசை. பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் வேர்.

தங்கைக்கு முப்பது நடந்துகொண்டிருந்தது. அம்மா போய்ச் சேர்ந்து நாலு வருஷம். ஜாதகத்தில் செவ்வாய் என்று ஒரு ஜோசியர் சொன்னார், இல்லை என்று இன்னொருவர் சொன்னார். இரண்டு பேருமே தட்சணையை வாங்கிக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைத் தின்றுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்பார்கள். போட்டவன் ஒருத்தன் கிடையாது. கடைசியில் திருப்போரூர்ப் பக்கம் ஓர் இடம் கூடி வந்தது. பையன் சொந்தமாக ஹார்டுவேர்க் கடை வைத்திருந்தான். வரதட்சணைப் பேச்செல்லாம் பெரிதாக இல்லை. பையனுடைய தாய்மாமன் மட்டும் எழுந்து போகும்போது ஒன்று சொன்னார்: "மாப்ள அழைப்பு மட்டும் கொஞ்சம் கெத்தா இருக்கணும் வக்கீல் சார். நல்ல காரா பாத்து வெய்யிங்க."

எங்கள் பக்கத்தில் இதற்கென்று ஒரு முறை உண்டு. முகூர்த்தத்துக்கு முதல்நாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு போட்டு, பிள்ளையார் கோயிலில் கும்பிட வைத்து, பூ அலங்காரம் செய்த காரில் உட்கார வைப்பார்கள். முன்னால் நாதஸ்வரம் போகும். அதற்குப் பின்னால் கார் ஆமை நடையில் ஊரைச் சுற்றி மண்டபம் வந்துசேர ஒரு மணி நேரம் ஆகும். கார் பெண் வீட்டுப் பொறுப்பு. மாப்பிள்ளை ஏறிவிட்டால் மண்டப வாசலில்தான் இறங்க வேண்டும், நடுவில் இறங்கக் கூடாது.

அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வாடகைக் கார் எதுக்கு? நம்ம காரே இருக்கு" என்றார். அவர்கள் போனபிறகு என் பக்கம் திரும்பினார். "என்னடா, ஓட வெக்க முடியுமா உன்னால?"

முடியும் என்றேன். கார் என்ஜினைப் பற்றி எனக்குத் தெரிந்தது பானெட் எங்கே திறக்கும் என்பது மட்டும்தான்.

ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில் பட்டறை வைத்திருந்த பாயைப் பிடித்தேன். என் வயதுக்காரன்தான். கொட்டகைக்குள் வந்து, காரை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "அண்ணாத்த, இது காரா, கோழிக் கூண்டா?" என்றான். ஆனால் கை வைத்ததும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமையெல்லாம் எங்கள் வீட்டில்தான். நாலு மாதம் ஆயிற்று. பிரேக், ஒயரிங், பெட்ரோல் டாங்கி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினான். கார்பரேட்டரைத் திறந்தபோது உள்ளே பதிமூன்று வருஷத்துப் பெட்ரோல் காய்ந்து முருங்கைப் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. நான் ஊசியை எடுத்துக் குத்தப் போனேன். கையில் ஒரு தட்டுத் தட்டினான். "குத்தாத! ஓட்டை பெருசாயிடும். ஊற வெச்சி ஊது" என்றான். ஊதி ஊதி எனக்குத் தலை சுற்றியது.

ஒருவழியாக என்ஜின் உறுமியது. உறுமியதே தவிர நிலைக்கவில்லை. ஆக்சிலேட்டரில் கால் இருந்தால் ஓடும், எடுத்தால் குலுங்கிச் செத்துவிடும். "ஓடுறது பெரிய விஷயம் இல்ல. ஊர்வலத்துல ஊர்ந்துகினு போவும் பாரு, அப்போ ஆஃப் ஆவாம நிக்கணும். அதான் விஷயம்" என்றான் பாய். கார்பரேட்டர் பக்கவாட்டில் இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள். ஒன்று என்ஜின் சும்மா நிற்கும்போது எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதற்கு. இன்னொன்று, அப்போது அதற்குள் போகிற காற்றும் பெட்ரோலும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்பதற்கு. இந்த இரண்டாவதை உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும், வெளியே எடுத்தால் கூடும். அளந்து பார்க்க மீட்டர் கிடையாது. காதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டிரைவர் சீட்டில் உட்கார ஆள் வேண்டும் என்று தங்கையைக் கூப்பிட்டோம். "நானா? எனக்கு என்ன தெரியும்?" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். பாய் 'ரேஸ் குடும்மா' என்றால் மிதிப்பாள், 'வுடு' என்றால் காலை எடுப்பாள். பாய் ஸ்க்ரூவை உள்ளே திருகுவான், என்ஜின் திக்கும். வெளியே எடுப்பான், உடம்பை ஆட்டிக்கொண்டு கரும்புகை கக்கும். ஒரு மணி நேரம் இதே கூத்து. எனக்கு எல்லாச் சத்தமும் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. திடீரென்று அவள் உள்ளேயிருந்து, "பாய், அங்கேயே நிறுத்துங்க! இப்ப சரியா இருக்கு" என்றாள்.

பாய் தலையைச் சாய்த்துக் கேட்டான். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லி என்ஜின் மேல் வைத்தான். தண்ணீர் லேசாக நடுங்கியதே தவிர, ஒரு சொட்டு வெளியே வரவில்லை. "யம்மா! நம்ம பட்டறைக்கு வந்துடு. உங்கண்ணன் காது சும்மா மூஞ்சிக்கு வெச்சது" என்றான். அவள் சிரித்தாள். அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"கலர் ஏதாவது ஒரு சொட்டு இருக்குதாம்மா?" என்று பாய் கேட்டான். கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த சிவப்பு நெயில் பாலிஷை அவள் கொண்டுவந்தாள். ஸ்க்ரூவின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை ஒரே கோடாக இழுத்தான். "இந்தக் கோடு நேரா கீதா, எல்லாம் சரியா கீதுன்னு அர்த்தம். இனிமே இதுல எவனும் கைய வெக்கக் கூடாது" என்றான். 'எவனும்' என்று சொல்லும்போது என்னைத்தான் பார்த்தான்.

அடுத்த ஞாயிறு நானும் தங்கையும் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய் வந்தோம். கடற்கரைக்குப் போகும் பாதையில் வண்டியை நிறுத்திவிட்டு, என்ஜினை அணைக்காமலேயே சுண்டல் வாங்கித் தின்றோம். வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் காரைப் போட்டோ எடுத்தார்கள். இவள் சீட்டில் சாய்ந்துகொண்டு, "ஓடுதான்னே தெரியல அண்ணா" என்றாள். திரும்பும்போது, மாப்பிள்ளைக்கு இந்தக் காரில் வருவது பிடிக்குமா, அவருக்கும் வண்டி ஓட்டத் தெரியுமா என்று ஏதேதோ கேட்டாள். எனக்கென்ன தெரியும்? பிடிக்கும் என்றேன்.

அழைப்பு அன்றைக்குக் காலையில், காரைப் பார்க்க வேண்டும் என்று தாய்மாமன் வந்தார். அப்பா அவரைக் கொட்டகைக்கு அழைத்துப்போய், "என் பையன் ரிப்பேர் பண்ணினது. அவனே உக்காந்து அக்குவேறு ஆணிவேறா பிரிச்சு மாட்டினான்" என்றார். என் பையன் என்றார்! சீல் குத்துகிறவன் என்று சொல்லவில்லை. எனக்குக் கால் தரையில் படவில்லை. பாய் பெயரை நானும் எடுக்கவில்லை.

தாய்மாமன் சுற்றிப் பார்த்தார், சீட்டைத் தடவினார். பிறகு நம் ஊரில் எந்த வண்டியைப் பார்த்தாலும் எவனும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார். "லிட்டருக்கு இன்னா குடுக்குது தம்பி?"

"எட்டு" என்றேன்.

"எட்டா!" என்று கைகொட்டிச் சிரித்தார். "இன்னா வக்கீல் சார், ரிப்பேர்னு சொன்னீங்க. ஓட்ட வாளி மாதிரி ஒழுவுதே. பெட்ரோல் நாத்தம் வேற அடிக்குது. தம்பி வேலை அவ்ளோதானா?"

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், பழைய பார்வை. ஒரு நிமிஷம் முன்னால் கிடைத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

அவர்கள் உள்ளே காபி குடிக்கப் போனார்கள். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும் என்பதுதான் எனக்குத் தெரியுமே! அரைச் சுற்று உள்ளே திருகினேன். சிவப்புக் கோடு இரண்டாக உடைந்து, ஸ்க்ரூவில் இருந்த பாதி எதிர்ப் பக்கம் போயிற்று. சோதித்துப் பார்க்கவும் செய்தேன், சும்மா சொல்லக் கூடாது. ஏரிக்கரை வரைக்கும் போய் வந்தேன். ரோட்டில் ஜம்மென்று ஓடியது. சாயங்காலம் தாய்மாமனிடம் பன்னிரண்டு கொடுக்கிறது என்று அள்ளிவிட வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். அந்த ஸ்க்ரூவுக்கும் மைலேஜுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ரோட்டில் ஓடும்போது பெட்ரோல் வேறு வழியாகப் போகிறது, இது வண்டி நிற்கும்போதும் ஊரும்போதும் மட்டும்தான் வேலை செய்யும் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அரைகுறை என்றால் என்னைப் போல அரைகுறை ஒருத்தன் பிறக்கக் கூடாது.

சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் மாப்பிள்ளை ஏறினார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். நான்தான் ஓட்டினேன். இருநூறு அடி போவதற்குள் என்ஜின் ஒரு முறை திக்கியது. காலால் தாங்கிப் பிடித்தேன். நாதஸ்வரக்காரர்கள் நின்று வாசித்தார்கள். நானும் நின்றேன். காலை எடுத்தேன், என்ஜின் செத்தது. செல்ஃப் அடித்து மறுபடி எழுப்பினேன். பஸ் ஸ்டாண்டு முனையில் மறுபடியும் செத்தது. பூ அலங்காரத்துக்கு நடுவே சுற்றியிருந்த சீரியல் பல்பும் கார் பேட்டரியில்தான் எரிந்துகொண்டிருந்தது. மூன்றாவது தடவை ஒரு பழக்கடைக்கு முன்னால் நின்றபோது செல்ஃப் டிக் டிக் என்றதோடு சரி. சீரியல் பல்பும் மங்கி அணைந்தது. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பின் சீட்டில் மாப்பிள்ளை மாலையைச் சரிசெய்துகொண்டு, "என்ன மச்சான்?" என்று மெல்லக் கேட்டார். ஒன்றுமில்லை மாப்பிள்ளை என்றேன்.

மண்டபத்தில் இருந்த பாய்க்கு யாரோ போய்ச் சொல்ல, புது வெள்ளைச் சட்டையோடு ஓடி வந்தான். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தான். அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருப்பினான். "தள்ளுங்கோ, ஸ்டார்ட் ஆயிடும்" என்றான்.

ஆனால் தாய்மாமன் பின்கதவைத் திறந்துவிட்டிருந்தார். "எறங்குடா நீ. போதும் இந்தக் கூத்து!" மாப்பிள்ளை மாலையும் கோட்டுமாக நடுத்தெருவில் இறங்கினார். இரண்டு பேருமாக ஒரு ஆட்டோவில் ஏறிப் போனார்கள். நாதஸ்வரக்காரர்களுக்கு ஆட்டோவுக்குப் பின்னால் ஓடுவதா, நிற்பதா என்று தெரியவில்லை. நாலு பேர் தள்ளியதும் கார் பட்டென்று பிடித்துக்கொண்டது. காலியான பின் சீட்டோடு மண்டபம்வரை ஊர்ந்து போனேன். ஒரு தடவைகூடத் திக்கவில்லை. தண்ணீர் டம்ளர் வைத்திருந்தால் அலுங்காமல் வந்திருக்கும்.

மண்டபத்து வாசலில் இருபது முப்பது பேர் முன்னால் தாய்மாமன் கத்திக்கொண்டிருந்தார். "பொண்ணு வூட்டு வண்டி வாசல் வரைக்கும் வந்து சேரல. இந்தப் பொண்ணு எங்க வூட்ல வந்து எங்க நெலைக்கும்? சகுனம்னு ஒண்ணு கீதுல்ல?"

அப்பா பாய் மேல் பாய்ந்தார். "என்னய்யா வேலை பார்த்த நீ?"

"உங்க பையனக் கேளுங்க சார்" என்றான் பாய்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். 'நான்தான் திருகினேன், என் முட்டாள்தனம், பெண்ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?' இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம். அப்பா முகத்தைப் பார்த்தேன். "பங்க்ல பெட்ரோல்ல மண்ணெண்ணெய் கலந்துட்டான் போல" என்றேன்.

"இதே பெட்ரோல்லதான வண்டி காலைல ஓடுச்சு?" என்றார் தாய்மாமன். வக்கீல் வீட்டில் வக்கீல் கேள்வியை அவர்தான் கேட்டார்.

அப்போது அப்பா செய்ததை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஆனால் அவரை அந்த இடத்துக்குத் தள்ளியவன் நான்தானே? குரலைத் தாழ்த்தி, "அவ ஜாதகத்துல லேசா ஒரு தோஷம் இருக்குன்னு ஒரு பேச்சு உண்டு. பரிகாரம் எதுவானாலும் செஞ்சிடறோம். மனசுல வெச்சிக்காதீங்க" என்று கையைக் கூப்பினார். கூட்டத்தின் ஆத்திரம் அடங்கிவிட்டது. காரணம் கிடைத்துவிட்டதல்லவா! மறுநாள் காலையில் தாலி கட்டினார்கள்.

அதற்கு முந்தின ராத்திரியே அலங்காரத்தோடு உள்ளறையில் உட்கார்ந்திருந்த தங்கை என்னைக் கூப்பிட்டனுப்பினாள். "என்ன அண்ணா ஆச்சு? மகாபலிபுரம் போனப்போ நல்லாத்தானே ஓடுச்சு?" என்றாள். அவளிடமும் பெட்ரோல் என்றேன். அவள் நகத்தில் அதே சிவப்பு.

பாய் தன் டூல்ஸை எடுத்துப்போக மறுவாரம் வந்தான். "வூட்டு விசேஷமாச்சேன்னு வாய மூடிக்கினேன் அண்ணாத்த. ஆனா அந்தப் பொண்ணு மேல போட்டீங்க பாரு, அது தாங்கல" என்றான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. கொஞ்ச நாளில் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் பட்டறையை மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

திருப்போரூர் வீட்டில் போர் தண்ணீர் வற்றியபோது, "வண்டியே நின்ன ராசி" என்றார்களாம். மோட்டார் எரிந்தபோது சொன்னார்களாம். அவளுக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தபோதும் சொன்னார்களாம். இதையெல்லாம் அவள் என்னிடம் சொன்னதில்லை. அங்கே போய் வந்த சொந்தக்காரர்கள் காபி குடித்துக்கொண்டே சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டு, அடப்பாவிகளா, இப்படியுமா மனுஷங்க என்று சொல்லிவிட்டு மறுநாள் ஆபீஸ் போனேன். வருஷக்கணக்காக இப்படித்தான். அப்பாவும் அந்தத் தோஷத்தை நம்பிக்கொண்டே செத்துப்போனார்.

இரண்டாயிரத்துக்கு மேல் ஓ.எம்.ஆர். பக்கம் மனை விலை எங்கோ ஏறியது. மாப்பிள்ளை ஹார்டுவேர்க் கடையை விட்டுவிட்டு மனை வியாபாரத்தில் இறங்கினார். புது கார் புக் செய்தார். கார் வருவதற்கு முதல்நாள் தங்கை ஒரு பையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "பூஜை அன்னைக்கு நான் இல்லாம இருந்தா நல்லதுன்னு அவரு சொன்னாரு. ரெண்டு நாள்ல அவரே வந்து கூட்டினு போறேன்னாரு" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், கரண்டு பில் கட்டப் போகிற மாதிரி. ரெண்டு நாள் ரெண்டு மாதம் ஆயிற்று. அந்தப் புது கார் செங்கல்பட்டு வழியாக எத்தனை தடவை போயிருக்குமோ தெரியாது. எங்கள் தெருவுக்குள் வரவில்லை.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். நான் காலையில் ஸ்கூட்டரை எடுக்கப் போனால் அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டிய பிறகுதான் கதவு திறக்கும் என்று என் மனைவி சொன்னாள். பால்காரர் வாசலில் சைக்கிளை எடுக்கும்போதுகூட ஓர் அடி பின்னால் நகர்ந்துகொள்வாள். யாரும் சொல்லித்தரவில்லை. அவளாகவே பழகிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே பஸ் ஏறித் திருப்போரூர் போய், மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்க்ரூ, மைலேஜ், அரைச் சுற்று எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சிரித்துவிட்டார். "சரி மச்சான், அன்னைக்கு நின்னது உங்க ஸ்க்ரூனே வெச்சிக்குவோம். அப்புறம் போர் வத்துச்சே, மோட்டார் எரிஞ்சுதே, அதெல்லாம் இன்னா ஸ்க்ரூ?" என்றார். அதற்குமேல் காபி சாப்பிடுங்கள் என்றார்.

அப்பா இல்லாத வீட்டில் அந்தக் கறுப்புக் காரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. மாமல்லபுரம் கடற்கரையில் புதிதாக முளைத்த ஒரு ரிசார்ட்காரர்கள், வாசலில் நிறுத்தவும் விருந்தாளிகளை ஏற்றிச் சுற்றவும் பழைய கார் தேடிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். முதல்நாள் காலை நானே கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். என்ஜின் பிடித்தது, ஆனால் நிலைக்கவில்லை. என் காதுதான் மூஞ்சிக்கு வைத்த காதாயிற்றே! சமையலறைக் கதவைத் தட்டினேன்.

"கொஞ்சம் வந்து உக்காரும்மா. உனக்குத்தான் கேட்கும்."

"நான் வேணாம் அண்ணா. வண்டி நின்னுடும்" என்றாள் உள்ளேயிருந்து.

அப்போதுதான், பத்து வருஷம் கழித்து, அவளிடம் சொன்னேன். கதவைப் பார்த்துத்தான் சொன்னேன். அப்பா பார்த்த பார்வையிலிருந்து மண்ணெண்ணெய்ப் பொய் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. கதவு திறந்தது. அவள் முகத்தில் கோபம் இருக்கும், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "எனக்கு ஆறுதலா இருக்கும்னு கதை சொல்றியா அண்ணா? வேணாம். எனக்கு ஒண்ணும் இல்ல, பழகிடுச்சு" என்றாள்.

"கதை இல்லடி! சத்தியமா. வா, காட்டறேன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பானெட் பக்கத்தில் நிறுத்தினேன். அவள் வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள், நான் விடவில்லை. டார்ச் அடித்துத் தேடினால், ஸ்க்ரூ மேலும் பக்கத்து இரும்பிலும் பழைய சிவப்பு இன்னும் பொட்டுப் பொட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. கோட்டை நேராக்கினேன். என்ஜின் ஒருவழியாக நின்று நிதானமாக ஓட ஆரம்பித்தது. "கேக்குதா? இதுதான் நீ சரின்னு சொன்ன சத்தம்" என்றேன். தலையை ஆட்டினாள். ஒரு கணம் அந்தப் பழைய காது விழித்துக்கொண்ட மாதிரிகூட இருந்தது.

"இப்ப பாரு." அரைச் சுற்று உள்ளே திருகினேன். என்ஜின் திக்கியது, ஒரு குலுக்குக் குலுக்கியது, நின்றது.

"பாத்தியா? அன்னைக்கு நடந்தது இவ்ளோதான். இந்தச் சின்ன ஸ்க்ரூதான்!"

அவள் ஸ்க்ரூவைப் பார்க்கவே இல்லை. "நான்தான் பக்கத்துல நிக்கிறேனே அண்ணா" என்றாள்.

கோட்டைத் திரும்பவும் நேராக்கினேன். அவள் அதற்குள் புடவையைச் செருகிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். சமையலறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"இப்ப போடு அண்ணா" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "இப்ப ஸ்டார்ட் ஆவும்."

சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட் ஆனது.